மனப்பாங்கும் இதயத் துடிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

முன்கோபிகளுக்கே மாரடைப்பு வரும் என்ற எண்ணம், 1950களில் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் முன்வைத்த ‘ஏ வகை’ (அவசரமும் போட்டி மனப்பான்மையும் கோபமும் மிக்க) ஆளுமைக் கருத்தால் வலுப்பெற்றது. ஆனால், கவலையை வெளிக்காட்டாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குபவர்களை ‘டி வகை’ எனப் பிரித்த உளவியலாளர் யோஹான் டெனோலெட், பெல்ஜியத்தில் இதய நோயாளிகள் 303 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வகையினரில் 27 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 7 விழுக்காட்டினரும் இறந்ததாகக் கூறினார். பின்னர் வந்த சில பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மனப்பாங்கைப் போலவே இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும். நலமான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாட்டில், மூச்சுக்கேற்பத் துடிப்புகளின் இடைவெளி சற்றே மாறுகிறது. மாரடைப்புக்குப் பின் அம்மாறுபாடு மிகவும் குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஈசிஜி எடுக்கும்போதே நோயாளியின் மனநிலையையும் மருத்துவர்கள் விசாரிக்கலாமே!

இப்படிக்கு,
ஒரு வாசகர்