டப்பாவ மூடிட்டு மொதல்ல தண்ணியப் பாரு

நோர்வூட்,
ஞாயித்துக்கெழம மத்தியானம்

மச்சான்,

ஒன் நீட்டு மெசேஜும் போட்டோவும் வியாழக்கெழமையே வந்துருச்சு, அம்மாவுக்கு முழங்கால் வலின்னு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாள் அலைஞ்சதுல பதில் எழுத முடியல, இப்பத்தான் சோத்த தின்னுட்டு ஒக்காந்திருக்கேன், வெளிய மழ கொட்டுது. நீ அந்த மீன் புடிக்கிற லூர், அதான் பொய்யிர, அடுக்கி வச்ச டப்பாவத் தொறந்து வச்சி எடுத்த போட்டோவ தங்கச்சிக்கிட்ட காட்டுனேன், என்னண்ணே இது அண்ணன் அங்க போயி வளையல் கட போட்டுருச்சான்னு கேக்குறா. சிரிக்காத, உண்மையிலேயே அப்படித்தான் இருக்கு. நாப்பது இருக்கும் போல. ஒரு நாள் பூரா ஒன்னு மாத்தி ஒன்னு போட்டும் ஒரு பாஸ் மீன் கூட மாட்டல, எந்த லூர் வாங்கணும்னு நீ சொல்லுன்னு எழுதியிருக்க. இன்னும் ஒன்னு வாங்குனா நாப்பத்தியொன்னு ஆகும், அவ்வளவுதான்டா.

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். வெளிநாட்டு வேலைக்கு போன புதுசுல ஒரு பெரிய கடையில முப்பது லூரு ஒரே பொட்டியில மலிவா போட்டுருந்தான், அள்ளிக்கிட்டு வந்தேன், மொத நல்ல மீனு இழுத்ததுமே தூண்டில் முள்ளு நேரா கம்பி மாதிரி நிமிந்துருச்சு. எங்கூட பேக்டரியில வேல செஞ்ச ஒரு பிலிப்பினோக்காரன் இருந்தான், அவன் பைய ஒரு நாள் எட்டிப் பாத்தேன், மூணு பாக்கெட்டு ரப்பர் புழு, தகடு சுத்துற லூரு, அதான் ஸ்பின்னர்பெய்ட், ஒன்னு, ஒரு ரப்பர் தவள, கொஞ்சம் முள்ளு, அவ்வளவுதான், ஆனா நான் ஒன்னு புடிச்சா அவன் ஏழு புடிப்பான். அவன்கிட்ட லூர் எதுன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டான், அந்தப் பாசி எங்க முடியுதுன்னு பாத்தியான்னு திருப்பிக் கேப்பான்.

மவுசாகல நீர்த்தேக்கத்துல தண்ணி எறங்குனா பழைய மஸ்கெலியா கோயில் தெரியுமே, நாம சின்னப்புள்ளையில போயி பாத்தோமே, அத நெனச்சுக்க. தண்ணி நெறஞ்சி கெடக்கும்போது அந்த எடமும் மத்த எடமும் ஒன்னாத்தான் தெரியும், ஆனா மீனுக்கு அது ஒன்னில்ல, அதுக்கு ஒரு தூணு, ஒரு செவரு, ஒரு நெழலு வேணும், வெட்டவெளியில சும்மா அது நிக்காது. பாஸும் அதே புத்திதான். கனடாவுல ஒனக்குப் பக்கத்துல இருக்குற ஸ்கூகாக் ஏரியும் லிண்ட்சேயில 1830கள்ல அண கட்டுனதால தண்ணி பரவுன எடந்தான், நம்ம காசல்ரீ நீர்த்தேக்கம் மாதிரின்னு வச்சுக்கயேன், ஆனா காசல்ரீ ஆழம், அது ஆழமே இல்லாம பாசியா கெடக்கும். அங்க பாசி மொத்தமும் மீன் இருக்கும்னு நெனைக்காத. பாசி முடியுற ஓரம், பாசிக்கு நடுவுல இருக்குற ஓட்ட, அல்லி எல மேடையா பரந்து கெடக்குற எடத்துல நீட்டிக்கிட்டு இருக்குற மூல, போட் கட்டுற பலகைக்கு கீழ இருக்குற நெழலு, விழுந்து கெடக்குற மரம், இந்த மாதிரி எடத்துலதான் வாயப் பொளந்துக்கிட்டு காத்திருக்கும், வாய் அவ்வளவு பெருசுடா, மேல்தாட கண்ணையும் தாண்டிப் போகும், இது லார்ஜ்மவுத் பாஸு, ஸ்மால்மவுத் பாஸுன்னா கண்ணோட நின்னுரும், ரெண்டையும் அப்படித்தான் பிரிச்சுப் பாக்கணும். ஓ, ஒன் சம்சாரம் கேட்டாங்களாமே அது நம்ம ஊரு கொடுவாவான்னு. இல்ல. பேருதான் பாஸு, சன்பிஷ் குடும்பத்த சேந்தது.

சரி லூருக்கு வாறேன், இல்லன்னா நீ திட்டுவ. நான் ஒனக்கு நாலுதான் வைக்கச் சொல்லுவேன்.

மொதல்ல 5 இஞ்சி ஸ்டிக் வோர்ம்ங்குற ரப்பர் புழு, செங்கோன்னு சொல்லுவாங்க. பாக்க ஒரு மண்ணும் இருக்காது, மண்புழு கூட அதவிட அழகு. நடு ஒடம்புல ஒரு சின்ன ரப்பர் வளையத்தப் போட்டு அதுல 1/0 சைஸ் முள்ள மாட்டு, ஈயம் வேணாம், அதுல உப்பு கலந்துருக்கும் அதனால தானா எறங்கும், எறங்கும்போது ரெண்டு நுனியும் நடுங்கிக்கிட்டே எறங்கும், அதுலதான் விசயமே இருக்கு. நீ செய்ய வேண்டியது ஒன்னுமே இல்ல மச்சான், எறிஞ்சிட்டு சும்மா இரு, ஒனக்கு அதுதான் கஷ்டம்னு எனக்குத் தெரியும். நூலப் பாத்துக்கிட்டே இரு, எறங்கிட்டு இருக்குற நூலு பக்கவாட்டுல நகந்தா மீன் வாயில இருக்குன்னு அர்த்தம், கைக்கு ஒரு வெட்டும் தெரியாது சில நேரம்.

ரெண்டாவது அதே மாதிரி ரப்பர் சாமான், டெக்சாஸ் ரிக். 3/0 வளைஞ்ச முள்ளு, முன்னால தோட்டா மாதிரி கால் அவுன்ஸ் குண்டு, முள்ளோட கூர திரும்ப ரப்பர் ஒடம்புக்குள்ள பொதைச்சி வைக்கணும், அப்பத்தான் பாசியில மாட்டாம நுழைஞ்சி போகும். நீ போட்டோவுல முள்ள வெளிய நீட்டிக்கிட்டு கட்டியிருக்க, அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு கத்த பாசி ஒனக்கு கெடைக்குது.

மூணாவது ஸ்பின்னர்பெய்ட், முக்கால் அர அவுன்ஸ் எல்லாம் வேணாம், 3/8 போதும். தண்ணி கலங்கி இருந்தா உருண்ட தகடு வச்சது, அது தண்ணிய அடிச்சு அதுர வைக்கும், கண்ணு தெரியாட்டியும் மீனு ஒடம்பால அத ஒணரும். தெளிஞ்ச தண்ணின்னா எல மாதிரி நீண்ட தகடு. காத்தடிக்கிற நாளுல இத எடு, மத்த நாளுல புழுவ எடு. இவ்வளவுதான்.

நாலாவது தவள. அத கடைசியா எழுதுறேன்.

கலரப் பத்தி ரொம்ப யோசிக்காத, கடக்காரன் கலர மனுசனுக்குத்தான் செய்றான். தெளிஞ்ச தண்ணிக்கு பூசணிக்கொடி மாதிரி ஒரு மங்கிப்போன பச்ச, கலங்குனதுக்கு கருப்பு நீலம், ஸ்பின்னர்பெய்ட்டுன்னா வெள்ள. சின்ன மீன் மாதிரி இருக்குற அந்த ஜப்பான் ஜெர்க்பெய்ட் ஒன்னு 30 டாலருன்னு வாங்கி வச்சிருக்கியே, கண்ணாடிப்பொட்டியில வை, நம்ம சனம் இங்க நாலஞ்சு நாள் மலையேறி கொழுந்து பறிச்சாத்தான் அந்தக் காசு, அதக் கொண்டு போயி பாசிக்குள்ள எறியிற, எனக்கு வயிறு எரியுது. அது கெட்ட சாமான் இல்ல, தண்ணி குளுந்து கெடக்கும்போது இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்தி ஆட்டுனா நல்லா வேல செய்யும், ஆனா ஒனக்கு இப்ப இல்ல.

கம்புல நீ பண்ணுன தப்பு பெருசு இல்ல. எறியும்போது நூல் உருளையே சுத்துற அந்த பெய்ட்காஸ்டர் ரீல இப்ப தொடாத, நூலு சிக்கி தூக்கணாங்குருவி கூடு மாதிரி ஆயிருச்சுன்னு எழுதியிருக்கியே, எனக்கும் மூணு மாசம் அப்படித்தான் ஆச்சு. 7 அடி மீடியம் ஸ்பின்னிங் கம்பு, 2500 சைஸ் ரீலு, 15 பவுண்ட் பின்னல் நூலு, நுனியில ரெண்டு கையையும் விரிச்ச நீளத்துக்கு 10 பவுண்ட் ப்ளோரோகார்பன் நூலு. பின்னல் நூலு இழுபடாது அதனால கடிச்சது ஒடனே கைக்கு தெரியும், ப்ளோரோகார்பன் தண்ணிக்குள்ள அவ்வளவா தெரியாது. முடிச்ச இறுக்குறதுக்கு முன்னால எச்சி தொட்டுக்க, காஞ்ச நூல இறுக்குனா சூட்டுல பலம் போயிரும். நாம தங்கூசியில குண்டூசி வளைச்சி கட்டி மாட்டுக்காலைக்குப் பின்னால மண்புழு தோண்டி ஓடையில போட்டோமே, அப்ப எச்சியும் தொடல ஒன்னும் தொடல, மீன் மட்டும் வந்துச்சு, அது வேற கத.

ஜூன் பாதி வரைக்கும் பொறு, சீசன் தொறக்காம பாஸுக்கு எறியாத. அதுவரைக்கும் ஆம்பள மீனுதான் முட்டையிட்ட கூட்ட காக்கும், அத நீ தூக்கிட்டா ரெண்டு நிமிசத்துல சின்ன மீனெல்லாம் வந்து முட்டைய காலி பண்ணிரும். ஒனக்கு 65 தாண்டிருச்சுல்ல, லைசன்ஸ் காசு கட்டத் தேவையில்ல, ஆனா வயசு போட்ட ஐடி பையில இருக்கணும், மருமகன்கிட்ட குடுத்து வச்சிட்டு போகாத.

இப்ப தவள. போன மாசம் மாமா மகன் கூட்டிட்டு போனான்னு மகியங்கனைக்கு போனேன், கண்டியில இருந்து 18 வளைவும் எறங்கும்போது எனக்கு தல சுத்தி வாந்தி, அங்க சொரபொர குளத்துக்கு காலையிலேயே போயாச்சு. ஓரமெல்லாம் தாமர. என் பழைய தவள ஒன்னு கெடந்துச்சு, உள்ளுக்கு வெறுமையா இருக்குற ரப்பர் தவள, ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டி மேல பாத்துக்கிட்டு இருக்கும் அதனால எல மேல ஏறி எறங்கி வரும் மாட்டாது. நான் விரால நெனச்சுத்தான் எறிஞ்சேன். விராலு காத்துக் குடிக்க மேல வரும்ல, அது வந்துட்டு போன சுழிய பாத்து அதுக்கு கொஞ்சம் தள்ளி எறிஞ்சி மெதுவா தத்தித் தத்தி கொண்டு வந்தேன். மச்சான், தண்ணி வெடிச்சிச்சு பாரு, நான் பயந்து ஒடனே கம்ப இழுத்துட்டேன், தவள பறந்து வந்து என் நெஞ்சுல அடிச்சிச்சு, மாமா மகன் குளத்தங்கரையில உருண்டு சிரிக்கிறான். பதினாலு வருசம் பாஸ் புடிச்சவன் செய்ற வேலையா இது. சத்தம் கேட்டதும் இழுக்கக் கூடாதுன்னு ஆயிரம் பேருக்கு நான் சொல்லியிருக்கேன், மீனு வாய மூடி திரும்பி பாரம் கைக்கு வந்த பொறகுதான் அடிக்கணும். ரெண்டாவது தடவ பல்லக் கடிச்சிக்கிட்டு பொறுத்தேன், ஒன்னு வந்துச்சு, முழங்கை நீளம். அந்தப் பக்கம் செவப்பு குஞ்சுக் கூட்டம் ஒன்னு பந்து மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு, அங்க எறியல, தாயும் தகப்பனும் கீழதான் நிக்கும். பொடியன் ஒருத்தன் அங்க எறியச் சொல்லி கெஞ்சுனான், முடியாதுன்னுட்டேன்.

தவளைக்கு மட்டும் ஒன் பெரிய கம்ப எடு, அந்த மீடியம் ஹெவி, 50 பவுண்ட் பின்னல் நூலு போடு, பாசியோட சேத்து இழுக்கணும்ல. நூலு சிக்குனா சிக்கட்டும், அந்த ஒன்னுக்காக பழகு.

இங்க நியூஸ்னா, மாரியம்மன் திருவிழா முடிஞ்சிச்சு, ஒன் பேருல அர்ச்சன பண்ணுனேன். மேல் மலையில சிறுத்த ஒன்னு குட்டியோட இருக்குன்னு ரெண்டு நாளா கொழுந்துக்கு போறவங்க சத்தம் போட்டுக்கிட்டே போறாங்க. காசல்ரீ தண்ணி போன வறட்சியில எறங்குனப்போ கர நெடுக நடந்து அடிக்கட்ட, பாற, பள்ளம் எல்லாத்தையும் போன்ல எடுத்து வச்சிட்டேன், இப்ப நெறஞ்சிருச்சு, எங்க என்ன கெடக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். கெண்டைக்கு மாவு உருண்டையோட காலையில போறேன், ரப்பர் புழு போட்டா திலாப்பியா வால மட்டும் கடிச்சிட்டு போயிருது, பொடியன்மாரு பாத்துட்டு சிரிக்கிறானுக.

டிசம்பர்ல வாறேன்னியே, வரும்போது அந்த நாப்பதையும் தூக்கிட்டு வராத. தவள ரெண்டு, ஒன்னு கருப்பு ஒன்னு பச்ச, 4/0 முள்ளு ஒரு பாக்கெட்டு, அம்மாவுக்கு முழங்காலுக்கு போடுற அந்த பட்டி ஒன்னு, அது பெரிய சைஸ் எடு. ரயில் டிக்கட் போட்டதும் சொல்லு, ஹட்டன் ஸ்டேசனுக்கு த்ரீவீலர் எடுத்துக்கிட்டு வாறேன்.

ஒன் மச்சான்