எட்டாங்கிளாஸ் 'வீடில்லாதோர் ப்ராஜெக்ட்' பத்தி பிரின்சிபால் மேடத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மேடம்,

பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்த சர்க்குலர் பாத்தேன். இந்த டெர்ம் சோஷியல் ப்ராஜெக்ட் சென்னைல வீடில்லாதவங்கள பத்தியாம், நல்ல விஷயம். ஆனா அதுக்கு கீழ இருந்தத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. ஆளுக்கொரு போர்வை, ஒரு சாப்பாட்டு பாக்கெட், வேன்ல பாரிமுனை போய் குடுத்துட்டு போட்டோ எடுத்து சார்ட்ல ஒட்டணும், அப்புறம் ஸ்கூல் கிரவுண்ட்ல ஒரு ராத்திரி அட்டைப்பெட்டிய விரிச்சு படுத்து "உணரணும்". பிடிஏ-ல மத்தவங்களும் படிக்கட்டும்னுதான் எல்லாருக்கும் பொதுவா எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அந்த கிரவுண்ட் ராத்திரிய முதல்ல விட்ருங்க. கேட்ல வாட்ச்மேன், பக்கத்துல மிஸ், கொசுவுக்கு க்ரீம், காலைல பூரி கிழங்கு, பசங்களுக்கு அது சூப்பர் கேம்ப். தரை கட்டியா இருக்குனு தெரியும், அவ்ளோதான். பிளாட்பாரத்துல குடும்பம் நடத்துறவங்க அந்த தரைக்கு எப்பவோ பழகிட்டாங்க மேடம். வயசுப்பொண்ணு இருக்குற குடும்பத்துல அம்மா ராத்திரி கண்ண மூட மாட்டாங்க, கட்டண கழிப்பறைய பூட்டிட்டா போக இடமில்லனு பொம்பளைங்க சாயங்காலத்துலேந்தே தண்ணி குடிக்காம அடக்கிக்கறாங்க, கடைக்காரர் ஷட்டர் தூக்குறதுக்குள்ள பாய சுருட்டிரணும், மழை வந்தா ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையோட நோட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தூக்கிட்டு ஓடணும். இதெல்லாம் ஒரு ராத்திரி படுத்தா வராது.

இன்னொண்ணு, வால்டாக்ஸ் ரோடு, பிராட்வே, ராயபுரம் பக்கம் இருக்குறவங்க நேத்து எங்கேந்தோ வந்து இறங்குனவங்க இல்ல, பாட்டி காலத்துலேந்து அதே பிளாட்பாரத்துல இருக்குற குடும்பங்க நிறைய. பூ கட்டுறாங்க, மூட்டை தூக்குறாங்க, மீன்பாடி வண்டி ஓட்டுறாங்க, எலெக்ஷன் வந்தா ஓட்டும் போடறாங்க. அவங்க முன்னாடி போய் நம்ம பிள்ளைங்க வேன்லேந்து இறங்கி பாக்கெட்ட நீட்டுனா என்ன கத்துப்பாங்க? அங்க இருக்குற எல்லாரும் கை நீட்டுறவங்கனுதான் கத்துப்பாங்க. அதுவும் போட்டோவுக்கு மார்க் வேற. உங்க வீட்டு ஹால்ல யாரோ வந்து கேக்காம போட்டோ எடுத்தா விடுவீங்களா? அந்த பிளாட்பாரம் அவங்க ஹால்.

சரி குறை மட்டும் சொல்லிட்டு போகல. வேற மாதிரி பண்ணலாம். வீடில்லாதவங்க தங்குற நகர்ப்புற காப்பகங்களுக்கு மத்திய அரசு போட்ட விதில ஒரு ஆளுக்கு குறைஞ்சது 50 சதுர அடி வேணும்னு இருக்கு. கிளாஸ்ரூம் தரைல சாக்பீஸ்ல அத வரையச் சொல்லுங்க. அதுக்குள்ள படுக்கை, பை, யூனிஃபார்ம், ஸ்டவ் எங்க வெப்பேனு பசங்க யோசிக்கட்டும். அடுத்து கணக்கு. 2010-ல சுப்ரீம் கோர்ட் பெரிய ஊர்கள்ல ஒரு லட்சம் ஜனத்துக்கு ஒரு காப்பகம் வேணும், வருஷம் பூரா 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு சொல்லிச்சு. 2011 சென்சஸ்படி இப்ப இருக்குற மாநகராட்சி எல்லைக்குள்ள சுமார் 67 லட்சம் பேர். அப்ப எத்தனை வரணும், மாநகராட்சி லிஸ்ட்ல எத்தனை இருக்கு, நம்ம ஜோன்ல எத்தனைனு அவங்களே தேடட்டும். தேடும்போது இன்னொண்ணும் கண்ணுல படும், காப்பகம் பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு தனி, பொம்பளைங்களுக்கு தனி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளைனு ஒரு குடும்பம் இருந்தா ஆளுக்கொரு பக்கம் பிரியணும். "காப்பகம் இருக்கே, ஏன் போக மாட்டேங்கறாங்க"னு நம்ம வீட்ல பெரியவங்க கேக்குறதுக்கு எட்டாங்கிளாஸ் பையனே பதில் சொல்லிருவான்.

இவங்கள குடியேத்த அரசு ஊருக்கு வெளிய வீடு கட்டி குடுத்த பெரும்பாக்கம், கண்ணகி நகர் கதையும் அப்படித்தான். வீடு குடுத்தா கூட திரும்பி வந்துடறாங்கனு எல்லாரும் ஈஸியா சொல்லிடறோம். பாரிமுனைலேந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டர் கிட்ட. லேடீஸுக்கு சாதா பஸ்ல டிக்கெட் இல்லதான், ஆனா விடியறதுக்கு முன்னாடி பூ எடுக்க மார்க்கெட்ல நிக்கணும்னா எந்த பஸ்ல வருவாங்க? பசங்க கைல பஸ் டைம் டேபிள குடுங்க, ஒரு பூக்காரம்மாவோட ஒரு நாள மணி வாரியா எழுதச் சொல்லுங்க. அதுக்கு குடுங்க 10 மார்க்.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆர்டிஇ, அதான் கல்வி உரிமைச் சட்டப்படி நம்ம ஸ்கூல்லயும் எல்கேஜில ஏழைப் பிள்ளைங்களுக்கு 25 சதவீத சீட் இருக்கு. அதுக்கு வீடு ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், அட்ரஸ் ப்ரூஃப் வேணும். ஸ்கூல் காம்பவுண்ட் சுவத்துக்கு வெளிய ரெண்டு தெரு தள்ளி பிளாட்பாரத்துல ஒரு பிள்ளை வளருது, தூரம்னு பாத்தா நம்ம எல்லாரையும் விட அதுதான் கிட்ட. ஆனா அட்ரஸ் கட்டத்துல என்ன எழுதும்? வேன் ஏறி பாரிமுனை போக வேணாம் மேடம், ப்ராஜெக்ட் இங்கயே இருக்கு. அந்த அப்ளிகேஷன் ஃபார்ம ஜெராக்ஸ் எடுத்து பசங்ககிட்ட குடுத்து, வீடில்லாத ஒரு குடும்பமா நெனச்சு ஃபில்லப் பண்ணச் சொல்லுங்க. எந்த வரில பேனா நிக்குதுனு பாருங்க.

அந்த பிள்ளைங்கள நேர்ல பாக்கவே வேணாம்னு சொல்லல. 2019-ல இங்கிலாந்துல தெருக்குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்துச்சு, லார்ட்ஸ் மைதானத்துல நடந்த ஃபைனல்ல ஜெயிச்சது தென்னிந்தியா டீம், சென்னை பிள்ளைங்களும் அதுல ஆடுனாங்க. அவங்களோட வேலை செய்யற ஒரு தொண்டு நிறுவனம் மூலமா கேட்டு, அவங்க சரினு சொன்னா நம்ம கிரவுண்ட்ல ஒரு மேட்ச் வெக்கலாம். நம்ம பசங்க தோப்பாங்க, கோச்சிங் கிளாஸ் போறவன் எல்லாம் சேத்துதான் சொல்றேன்.

போர்வைக்குனு கலெக்ட் பண்ண காச திருப்பி தர வேணாம், பக்கத்து காப்பகத்துல என்ன தேவைனு கேட்டுட்டு அத வாங்கலாம், போர்வைதான்னு சொன்னா போர்வையே வாங்கலாம். அடுத்த பிடிஏ மீட்டிங்ல இத பேச ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. காப்பகத்துக்கு போய் கேக்க பசங்களோட கூட வர ஆள் வேணும்னா நான் லீவ் போட்டு வரேன். அந்த அட்ரஸ் ப்ரூஃப் கேள்விக்கு மட்டும் ஆபீஸ்லேந்து எழுத்துல பதில் வேணும், பசங்க சார்ட்ல ஒட்டணும்.

இப்படிக்கு,
எட்டாங்கிளாஸ் பி செக்ஷன் பையனோட அம்மா