பிபி, சுகரோட தூக்கத்தையும் கேளுங்க

வேலூர் மாவட்டத்துல 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தப் பாக்குற அதிகாரிங்களுக்கும், வீடு வீடா வர்ற அக்காங்களுக்கும் வணக்கம்.

2021-ல இருந்து வீட்டுக்கே வந்து பிபி பாக்குறீங்க, சுகர் மாத்திரை குடுக்குறீங்க, எங்க குடியாத்தம் பக்கம் தறிக்காரங்க வீட்டுல அது எவ்ளோ பெரிய உதவினு சொல்லி மாளாது. அப்படியே இன்னொன்னும் கேட்டுருங்க: பெரியவரு ராத்திரி எப்படி தூங்குறாரு?

எங்க நைனா கை நடுக்கம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே தூக்கத்துல கத்துவாரு, உதைப்பாரு, ஒரு நாள் நாய் தொரத்துதுனு கட்டில்ல இருந்து பாஞ்சு பீரோ முனையில நெத்தி கிழிஞ்சு தையல் போட்டாங்க. காத்து கருப்புனு தாயத்து கட்னாங்க. அப்பால பார்கின்சன்ங்கிற நடுக்க நோய்னு தெரிஞ்சப்போ நரம்பு டாக்டர் முதல்ல கேட்டதே தூக்கத்துல கத்துவாரானு தான். கனவு வர்ற நேரத்துல கை காலு அசையாம மூளைத்தண்டு பூட்டி வெக்கும், சில பேருக்கு அந்தப் பூட்டு தான் மொதல்ல கெடுது. 1986-லயே அமெரிக்காவுல ஷெங்க், மஹோவால்ட்னு ரெண்டு டாக்டருங்க இத எழுதிட்டாங்க. தூக்கத்துல உளர்ற எல்லாருக்கும் நோய் வராது, யாரையும் பயமுறுத்த வேணாம், ஆனா வயசானப்புறம் கனவுல அடிச்சி உதைக்கிறவங்கள அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புங்க.

அல்சைமர் மாதிரி மறதி நோய்ல கதை வேற. பகல் எது ராத்திரி எதுனு ஒடம்புக்கு சொல்ற இடம் மூளைக்குள்ள ரொம்ப சின்னது, சுமார் 20,000 செல்லு தான், அல்சைமர்ல அதுவும் தேயுது. எங்க தெருவுல ஒரு ஆயா வெளக்கு வெக்கிற நேரமானா துணிய மூட்டை கட்டினு எங்க வூட்டுக்குப் போறேன்னு வாசல்ல நிக்கிறாங்க, விடிய விடிய முழிச்சினு இருக்காங்க, கூட அவங்க மருமவளும் தான், அந்தப் பொண்ணு தூங்குனாளானு யாரும் கேக்குறதில்ல. கடைசில மெடிக்கல்ல எதனா தூக்க மாத்திரை வாங்கிக் குடுத்துடுறாங்க, அதுல குழப்பம் ஜாஸ்தியாவும், பாத்ரூம் போக எழுந்தா விழுந்து இடுப்பெலும்பு ஒடியும். நம்ம ஊரு வெயிலுக்கு பயந்து பெரியவங்கள நாள் பூரா ரூம்லயே வெச்சிடுறோம், காலைல வெயில் ஏறுறதுக்குள்ள திண்ணையில கொஞ்ச நேரம் ஒக்கார வெச்சு பகல் தூக்கத்த கொறச்சாலே சில பேருக்கு ராத்திரி கொஞ்சம் தேவலாம். இதையும் சொல்லிட்டுப் போங்க.

நோட்டுல பிபி எழுதுற கட்டத்துக்குப் பக்கத்துல தூக்கத்துக்கும் ஒரு கட்டம் போடுங்க. பெரியவருகிட்ட மட்டும் கேக்காதீங்க, பக்கத்துல படுக்குறவங்ககிட்டயும் கேளுங்க, ராத்திரி என்ன பண்ணாருனு நெறைய பேருக்கு அவங்களுக்கே தெரியாது.

இப்படிக்கு,
குடியாத்தத்துல இருந்து ஒரு மகன்