காப்பூர் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு

வணக்கம்.

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் பக்கம் வீட்டு வாசலிலும் ஃபிளாட் தாழ்வாரத்திலும் எங்கள் காப்பூர் என்ற காட்டு மரத்தின் நாற்றுகளைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் நன்றி. பைகள் கோவில் பின்கட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. முட்டி உயரம், நல்ல பச்சை.

"செடியை ஒரே இடத்தில் வைக்கக் கூடாதா, எதற்கு இத்தனை வீடு?" என்று பலர் கேட்டீர்கள். ஒரே இடத்தில் பூச்சி வந்தால் மொத்தமும் போய்விடும். அதோடு, நெல்லையும் கத்தரி விதையையும் காயவைத்துக் குளிரில் பூட்டி வைத்தால் பல ஆண்டு தாங்கும். காப்பூர் விதை தாங்காது. காய்ந்தாலும் சாகும், உறைந்தாலும் சாகும். ஐந்து இறக்கையோடு சுழன்று விழுந்ததும் சீக்கிரம் மண்ணுக்குப் போயாக வேண்டும். அதுவும் வருஷா வருஷம் நிறையக் காய்க்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும்போதுதான் உண்டு. அதனால் இந்த மரத்துக்கு விதைப் பெட்டகம் என்று எதுவும் உதவாது. நாற்றாகவே உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

வனத்துறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்குத் தனி நன்றி. அனுமதி வாங்கித் தந்ததோடு, ஒரே மரத்தடியில் விதை பொறுக்கவும் விடமாட்டார். ஒரு தாயின் பிள்ளைகளையே சேர்த்து நட்டால் அடுத்த தலைமுறை நோஞ்சானாகிவிடும் என்பார். தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடி பையில் கலக்கச் சொன்னதும் அவர்தான். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை அந்த மண்ணில் இருக்கிறது. எந்தப் பை எந்தத் தாய்மரத்தது என்று சீட்டெழுதியது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பென்சிலில்தான் எழுதினார்கள், மார்க்கர் வெயிலில் மங்கிவிடும். சீட்டில்லாத நாற்று வெறும் பச்சைச் செடி, எங்களுக்குப் பயனில்லை. பாசாருக்குக் காய்கறி ஏற்றும் லோரி அண்ணன் எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை.

கோவில் நிர்வாகத்துக்கு நன்றி சொல்லும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பச்சைக் கற்பூரம் தந்தது இந்த மரம். சுமத்ராவின் பாரூஸ் துறைமுகம் அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். கற்பூரக் கட்டிக்காக மரத்தையே வெட்டிப் பிளப்பார்கள். வாங்கியவர்கள் பல நாட்டார், நம்மவர் மட்டுமல்ல. ஆனாலும் பங்கு உண்டுதானே? இன்று தட்டில் ஏற்றுவது பெரும்பாலும் ஆலைக் கற்பூரம். மரமோ அருகிவரும் மரங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. பின்கட்டு நிழல் அதற்குக் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

"நட்டால் காடாகிவிடுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம் இருக்கிறதே, அது 1929இல் ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் நட்டுத் தொடங்கியது. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள் தம்பி, ஒன்றின் கிளை இன்னொன்றைத் தொடாது, நடுவில் வானம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும்.

அப்புறம், நாலாவது மாடிப் பாட்டி மட்டும் தன் இரண்டு பைகளைத் திருப்பித் தர மறுக்கிறார். பாட்டி, அது 60 மீட்டர் வளரும் மரம். சரி, அடுத்த மழைக்காலம் வரை வைத்திருங்கள். சீட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.