ஊசிக்கு முன்னால் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

தாத்தாவின் இசைத்தட்டுப் பெட்டி பொங்கோல் வீட்டுக்கு வந்ததுமே அவற்றை ஓட்டும் டர்ன்டேபிள் கருவிக்கு விலை பார்க்கிறாயாம். பொறு. முதலில் தட்டுகளைக் கழுவு. அழுக்கில் ஓட்டினால் தட்டும் கெடும், புது ஊசியும் தேயும்.

கழுவுமுன் தட்டுகளைப் பிரித்து வை. கனமாக, வளையாமல் இருப்பவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகள். மற்றவை வினைல். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். அவற்றுக்குக் காய்ச்சி வடித்த நீரும் வாசனையில்லாத பாத்திரச் சோப்பு ஒரு சொட்டும் போதும்.

வினைலுக்கு 800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதே சோப்பு இரண்டே சொட்டு. நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் தட்டில் வெள்ளையாகப் படிவது தூசியல்ல, பூசணம். அதை உலர்வாகத் துலக்காதே, வீடெல்லாம் பரவும். நனைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய மயிர்த் தூரிகையால் வரிப்பள்ளம் ஓடும் திசையிலேயே இரு பக்கமும் சுற்று. நடு லேபிள் நனையக்கூடாது.

பலரும் கோட்டை விடுவது அடுத்ததில்தான். வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை அலசு. அலசாவிட்டால் சோப்பு காய்ந்து பள்ளத்திலேயே தங்கும். கழுவிய பிறகும் 'கரகர' என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் அரை மணி நிறுத்து. உள்ளுறை புதிதாக இருக்கட்டும். குளிப்பாட்டிய பிள்ளைக்கு யாராவது அழுக்குச் சட்டை போடுவார்களா?

இனி கருவி. சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் ஊசி தட்டை அதிகமாக அழுத்தும், அதை மாற்றவும் வழியில்லை. ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ் மலிவு, தானே ஓடி தானே நிற்கும், ஆனால் 33, 45 சுற்றுகளில் மட்டும். அரக்குத் தட்டையும் கேட்க வேண்டுமென்றால் எல்பி120எக்ஸ். அதற்கு 78க்கென உள்ள விஎம்என்95எஸ்பி ஊசியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கூடவே வரும் விஎம்95ஈ ஊசிக்கு அழுத்தம் 2 கிராம். ஊசியைத் தாங்கும் கருவியின் கையை, அதன் பின்முனை எடையைத் திருப்பி அந்தரத்தில் மட்டமாக மிதக்கவிட்டு, எண் வளையத்தைச் சுழியத்தில் வைத்து, பிறகு அந்த எடையை 2 வரை திருப்பு. குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லதென்று நினைக்காதே. ஊசி பள்ளத்தில் துள்ளி, 'ச', 'ஸ' எல்லாம் சீறும்.

கருவியின் பின்பக்கச் சுவிட்சையும் பார். அது ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப்புக்கானது. பிரீஆம்ப் கருவியிலும் ஸ்பீக்கர் பக்கத்திலும் என இரண்டு இடத்தில் இயங்கினால் சத்தம் உடையும், எங்குமே இல்லையென்றால் கொசு பாடுவதுபோல் கேட்கும். ஒலிபெருக்கும் ஆம்ப் உள்ளடங்கிய ஸ்பீக்கர் போதும், ஆனால் டர்ன்டேபிள் இருக்கும் அலமாரியில் அதை வைக்காதே. அதிர்வு ஊசிக்கே திரும்பி ஊளையிடும்.

பழையது வாங்கினால் முதலில் மின்னழுத்தம் பார். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். ஆடியோ கடைகள் உள்ள கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபி கட்டடப் பக்கம் போகும்போது கழுவிய தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுப்பார்.

தட்டுகளை நிமிர்த்தியே அடுக்கு, வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். அரக்குத் தட்டுகளைத் தனியே எடுத்து வை, சனிக்கிழமை வந்து பார்க்கிறேன்.

அப்பா