குதிரை விழுந்தும் வெடிக்காத தோட்டா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்கள் கைக்குக் கொடுத்தபின், நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த துப்பாக்கிகள் பல வெளியே வந்திருக்கின்றன. பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து நம்மிடம் வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றே: குதிரை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியல்) விழுகிறது, ‘டிக்’கென்று சத்தம் கேட்கிறது, தோட்டா வெடிப்பதில்லை. கூடவே, “ஸ்பிரிங் போயிடுச்சு, மாத்திக் குடுங்க” என்றும் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்பு அந்த வெடிக்காத தோட்டாவைப் பார்க்க வேண்டும். பழுது எங்கே என்று பாதிக்கு மேல் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் முன்னால் உயிர் காக்கும் விஷயம். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே துப்பாக்கியை மடக்கித் திறக்காதீர்கள், போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) இழுக்காதீர்கள். கேப் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) தாமதமாகப் பற்றுவது உண்டு. ஆளில்லாத பக்கம் குழலைக் காட்டியபடி, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் முழுதாகப் பொறுங்கள். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு திறந்து தோட்டாவை எடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டிருந்தால் குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது.

எடுத்த தோட்டாவின் கேப்பை, அதே துப்பாக்கியில் நன்றாக வெடித்த காலித் தோட்டாவின் கேப்போடு பகலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேப்பை இடிக்கும் ஊசி பதித்த இரண்டு குழியும் ஒரே ஆழம் என்றால் துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, கோளாறு தோட்டாவில். குழி நடுவிலேயே இருந்து ஆழம் குறைவாக இருந்தால் அடி மெலிந்திருக்கிறது. குழி ஓரம் தள்ளி விழுந்திருந்தால் துப்பாக்கி சரியாக மூடவில்லை, அல்லது ஊசி வளைந்திருக்கிறது. குழியே இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கலாம். அந்தத் துப்பாக்கியை அதன்பின் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம், நேரே கொண்டுவாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. முதல் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால், முதல் அடியின் வேகம் வேறெதற்கோ செலவாகியிருக்கிறது. தோட்டாவின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் அழுக்குக் கட்டியிருந்தால் தோட்டா முழுதாக இறங்காது. முதல் அடி அதை உள்ளே தள்ளி உட்கார வைப்பதோடு முடிந்துவிடும். பித்தளைத் தூரிகையும் மண்ணெண்ணெயும் போதும், ஐந்து நிமிட வேலை.

மெலிந்த அடிக்கு நம் பகுதியில் முதல் காரணம் எண்ணெய்தான், அதிலும் தேங்காய் எண்ணெய். வீட்டில் எப்போதும் இருப்பது என்பதால் துப்பாக்கிக்கும் அதையே போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். நெல்லியாம்பதி அடிவாரத்தில் மார்கழி விடியற்காலையில் ஊசித் துளைக்குள் அது வெண்ணெயாக இறுகி நிற்கிறது. பகலில் கடைக்குக் கொண்டுவந்தால் இளகிவிடும், துப்பாக்கி நன்றாகவே அடிக்கும், குறையும் பிடிபடாது. உறையாவிட்டாலும் நாளடைவில் தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். அதனால் அதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தையல் மெஷினுக்குப் போடுவது போன்ற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசினால் போதும். ஊசித் துளைக்குள் எண்ணெயை ஊற்றவே வேண்டாம். பூசியபின் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். மேல்நோக்கி நிறுத்தினால் மிச்ச எண்ணெய் முழுக்கப் பூட்டுக்குள் இறங்கி, கட்டையின் மரத்தையும் ஊறவைத்துவிடும்.

இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கியில் அடுத்துப் பார்க்க வேண்டியது கீல். தேய்ந்த கீலில் குழலுக்கும், ஊசி வெளிவரும் பின்முகத்துக்கும் நடுவே இடைவெளி விழும். துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, மெல்லிய தாள் ஒன்றை நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் கீல் வேலை இருக்கிறது. அதற்குக் கடினமான ஸ்பிரிங் போடுவது தீர்வாகாது. இடைவெளியோடு சுடுவது கண்ணுக்கே ஆபத்து.

.315 ரைபிளில் போல்ட் கைப்பிடியை முழுதாகக் கீழே அழுத்தாமல் சுட்டால், ஊசியின் வேகம் கைப்பிடியைக் கீழே தள்ளுவதிலேயே போய்விடும். இதன் போல்ட் தலை தனியாகக் கழலும். ஒரு ரைபிளின் தலையை மற்றொன்றில் மாட்டிப் பார்க்காதீர்கள், தோட்டாவுக்கும் போல்ட் தலைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மாறிவிடும். ஊசியைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். ஊசிமுனை வெளியே நீட்டும் அளவு ஏறத்தாழ 1 மி.மீ. இருக்க வேண்டும், குறைந்தால் அடி மெலியும், கூடினால் கேப் கிழிந்து புகை முகத்தில் அடிக்கும். அரம் போட்டு ராவுவது வேண்டவே வேண்டாம்.

தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இரவில் சத்தம் கேட்கக்கூடாது என்று போல்ட்டைக் கையால் மெல்ல விடுகிறார்கள். அப்படி விட்டால் அது முழுதாகப் பூட்டாது. குதிரையின் அடி பூட்டை நெருக்குவதில் செலவாகிறது. இழுத்து, தானே ஓடிப்போய் மூட விடுங்கள். .22 ரைபிளைத் தோட்டா இல்லாமல் அடித்துப் பழகாதீர்கள். ஊசியானது தோட்டா உட்காரும் அறையின் விளிம்பை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்தில் அடி மெலியும். மற்றத் துப்பாக்கிகளிலும் குதிரையை இறக்கி வைக்கப் போலித் தோட்டா போடுங்கள்.

தோட்டாவில்தான் கோளாறு என்றால், பெரும்பாலும் ஈரமோ எண்ணெயோ கேப்புக்குள் இறங்கியிருக்கும். துருநீக்கும் ஸ்பிரே தோட்டாவின் மேல் படவே கூடாது. தோல் பெல்ட்டில் மாதக்கணக்கில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சை பூக்கும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். வெடிக்காததைப் பிளந்து பார்ப்பதோ நெருப்பில் போடுவதோ கூடாது. கணக்கில் அதுவும் தோட்டாதான். எறிந்துவிடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் குழி ஆழமாகவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றலாம். வரும்போது அசல் உரிமம், தோட்டா ஏற்றாத துப்பாக்கி, வெடித்த காலித் தோட்டா ஒன்று, வெடிக்காதது ஒன்று ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். எந்தக் குழலில் வெடிக்காமல் நின்றது, காலையா பகலா என்பதையும் சொல்லுங்கள். எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு என்று என்ன எழுதியிருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் துப்பாக்கியோடு சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டாம், அந்தப்பக்கத்தில் உரிமம் பெற்ற கடையிலேயே காட்டுங்கள்.

இப்படிக்கு,
கடையின் பழுதுநீக்கும் பிரிவு