செயலாளர் ஆண்டறிக்கை: ரிச்மண்ட் ரயில் நிலையம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது, வட யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் நகரில் 1969 மார்ச்சில் மூடப்பட்ட ரயில் நிலையம். கோடையில் நேரிலும் போய்ப் பார்த்தோம். டார்லிங்டன் வரை ரயில், அதற்கு மேல் பஸ்தான்.

ரிச்மண்டுக்குக் கிளைப்பாதை வந்தது 1846ல். நிலையத்தை வடிவமைத்த ஜி. டி. ஆண்ட்ரூஸ், 'ரயில்வே ராஜா' எனப் பெயர் பெற்ற ஜார்ஜ் ஹட்சனின் கம்பெனிகளுக்குப் பல நிலையங்கள் கட்டியவர். ஊரின் உச்சியில் நார்மன் காலத்துக் கோட்டை நிற்கிறது. அதன் பக்கத்தில் உறுத்தாதபடி, கல் வளைவுகளோடு பழைய மடாலயச் சாயலில் முகப்பை அமைத்தார். உள்ளே இரும்புத் தூண்கள் தாங்கும் இரட்டைக் கூரை. கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சத்தில் உறுப்பினர்கள் வெகுநேரம் நின்றுவிட்டார்கள். நிலையம் ஸ்வேல் ஆற்றின் அக்கரையில் இருப்பதால், ஊரோடு இணைக்க ஒரு பாலமும் அப்போதே எழுந்தது.

முதல் உலகப் போர் வந்ததும் இந்தப் பாதையின் போக்கே மாறியது. அருகே கேட்டரிக்கில் ராணுவ முகாம் உருவாக, 1915ல் கேட்டரிக் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து அங்கே தனித் தடம் போட்டார்கள். அந்த முகாம் இன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் மிகப் பெரிய முகாம். இவ்வளவு ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகும் பாதையை எடுத்துவிட்டது பெரும் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

கட்டடம் தப்பியது. சில காலம் செடி விற்கும் கடையாக இருந்தது. அப்புறம் உள்ளூர்க் கட்டடப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று கையில் எடுத்துச் சீரமைத்து, 2007ல் திறந்தது. இப்போது சினிமா அரங்கு, கலைக்கூடம், உணவகம் எல்லாம் உள்ளே. வாரநாளிலும் கூட்டம் இருந்தது. பழைய தடத்தில் ஈஸ்பி மடாலயம் பக்கம் நடந்தும் போகலாம்; நாங்கள் போனோம், வழியில் பழைய ரயில் பாலத்தைக் கடந்தோம்.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒரு கோரிக்கை. அந்த ரயிலில் பயணித்தவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் நினைவுகளைக் குரலாகப் பதிவுசெய்யும் வேலையை அடுத்த ஆண்டே தொடங்க வேண்டும், தள்ளிப்போட நேரமில்லை. இதற்குப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்